லேசாத்தான் இருந்துது

அந்தப் பைய இப்படிக் குடு அம்மிணி, மேல வெச்சர்றேன். மடியில புள்ளையும் வெச்சுக்கிட்டு, பையையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு எதுக்கு இந்தப் பாடு? குடு. ம்ம்... மூணே கால் கிலோ. உள்ள ஒரு பிளாஸ்க் இருக்குது, நாலஞ்சு துணி, அப்புறம் சாத்துக்குடி. செரிதானே? சிரிக்கறே பாரு. சாத்துக்குடி இல்லையா? கொய்யாவா? அட, பழந்தானே, ரெண்டும் ஒண்ணுதான் போ.

புள்ளைக்கு எத்தன மாசம்? இரு இரு, நீ சொல்லாத. என்ற கையில ஒரு நிமிசம் குடுத்தீன்னா நானே சொல்லிப்போடுவேன். வேண்டாமா? தூங்குதா? செரி, தூங்கட்டும். நீ எங்க எறங்கோணும்? பல்லடமா? நேரம் இருக்குது.

என்ற பேரு நாச்சிமுத்து. குண்டடத்துக்குப் பக்கத்துல ஊரு. ஆட்டு யாவாரம், முப்பத்தெட்டு வருசமா. சந்தையில ஆட்டை எப்படிப் பாப்பாங்கன்னு தெரியுமா உனக்கு? தெரியாது. பல்லைப் பாக்கறவன் இருக்கறான், முதுக அமுக்கிப் பாக்கறவன் இருக்கறான், கொம்பப் புடிச்சு ஆட்டிப் பாக்கறவன் இருக்கறான். அதெல்லாம் பொழுது போகாதவன் வேலை. முன்னங்கால் சந்துல ஒரு கை, பின்னாடி தொடைச் சந்துல ஒரு கை. அலாக்காத் தூக்கோணும். ஒரு மூச்சு நிறுத்தோணும். எறக்கி உடோணும். அம்புட்டுத்தான். பதினோரு கிலோ கறி தேறும்னு நான் சொன்னா, பதினோரு கிலோதான். சந்தையில என்னையப் பாத்தா, நாச்சிமுத்து தூக்கிட்டாரா, அப்ப செரின்னு சொல்லிப்போட்டுப் போவாங்க.

ஒரே ஒரு தடவதான் கணக்கு தப்புச்சு. அதுவும் நான் தப்பல. சின்னக் கெடாக்குட்டி, உருண்டு திரண்டு இருந்துது. தூக்கினா இரும்பு. பன்னெண்டு கிலோன்னேன். அறுத்துப் போட்டு ஒம்போதுதான் வந்துச்சுங்கறான் கறிக்கடைக்காரன். மூணு கிலோ எங்க போச்சு? அவன் ஊட்டுக் கொழம்புக்குப் போச்சு. அவன்கூடப் பேச்ச நிறுத்திப் பத்து வருசமாச்சு. அப்புறம் வெள்ளகோயில்ல ஒருத்தன் அதே மாதிரி. அப்புறம் மூலனூர்ல ஒருத்தன். எல்லாமே சின்னக் குட்டிகதான் பாத்துக்க. சின்னக் குட்டின்னா திருடறவனுக்குச் சுலுவு போலிருக்குது. பெரிய ஆட்டுல அந்த மாதிரி ஆனதே இல்ல. பெரிய ஆட்டுல நான் சொன்னதுக்கு மேலதான் கறி வரும்.

எதுக்குச் சொல்றேன்னா, இந்தக் கை எப்படிப்பட்ட கைன்னு உனக்குத் தெரியோணும். அது தெரியாம மித்ததச் சொன்னா, நீயும் அவங்க பக்கம் சேந்துக்குவே.

அவங்கன்னா? எல்லாருந்தான். என்ற ஊட்டுக்காரி, என்ற புள்ள, மாப்பிள்ளை, அந்த அங்கன்வாடிக்காரி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில வெள்ளக் கோட்டுப் போட்டுக்கிட்டுத் திரியறதுகளையும் சேத்துக்க.

எனக்கு ஒரே புள்ள, சௌமியா. கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்தது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர்ல என்னமோ வேலை, நாளெல்லாம் உக்காந்த எடத்துலயே. ஒரு வாளித் தண்ணியத் தூக்கினா மூச்சு வாங்கும். தலைப்பிரசவத்துக்கு அம்மாளூட்டுக்குத்தானே வரோணும், வந்தா. பொட்டப்புள்ள பொறந்துது. அவிய வெச்ச பேரு என்ற வாயில நொழையாது. நான் குட்டின்னுதான் கூப்புடறது.

குட்டிய நான் வாரா வாரம் தூக்குவேன். சந்தைக்குக் கெளம்பறப்ப, காலையில, குளிச்சுப்போட்டு வந்து. ஆட்டைத் தூக்கற மாதிரியே தூக்காதீங்கன்னு ஊட்டுக்காரி கத்துவா. பின்ன எப்படித் தூக்கறது? எல்லாரும் புள்ளையத் தோள்ல சாச்சு, மடியில கெடத்திக் கொஞ்சிக்கிட்டே இருப்பாங்க. அதுல என்ன தெரியும்? கனம் தெரியோணும்னா அந்தரத்துல நிறுத்தோணும். நிறுத்துனா கையில இரும்பு மாதிரி இருக்கும் குட்டி. இத்துனூண்டு உருவம், என்னா கனம்! அடுத்தூட்டுச் செல்லமுத்துவுக்கும் அதே வாரம் ஒரு பேரன். அவனையும் வாங்கித் தூக்கிப் பாத்தேன். ஆளு தொபதொபன்னு இத்தாம் பெருசு இருப்பான், தூக்கினா ஒண்ணுமே இல்ல. பஞ்சு. செல்லமுத்து மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டேன், உன்ற பேரன் வெறும் ஊத்தம்டா, எங்குட்டியத் தூக்கிப் பாருன்னு. அவனும் தூக்கினான். ஆமாங்ண்ணா, கெட்டியாத்தான் இருக்குதுன்னான். அவன் ஒருத்தன்தான் அந்த ஊர்ல நெசம் பேசற ஆளு.

மூணு மாசம் ஆச்சு. அங்கன்வாடியில எடை போடறாங்கன்னு புள்ளையத் தூக்கிட்டுப் போனா சௌமியா. நானும் கூடப் போனேன். அங்க ஒருத்தி, வளர்மதின்னு பேரு. சேலைத் தலைப்ப இழுத்துச் சொருகிக்கிட்டு, பெரிய கலெக்டர் கணக்கா. தொட்டி மாதிரி ஒரு மெஷினு. அதுல குட்டியப் படுக்க வெச்சா. மூணு கிலோ தொள்ளாயிரம்னா. செல்லமுத்து பேரனுக்கு அஞ்சு சொச்சம். ஒரு அட்டை வெச்சிருந்தா, பச்சை, மஞ்சள், செவப்புன்னு கோடு போட்டு. குட்டிக்குச் செவப்புல புள்ளி வெச்சா.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் கேட்டேன், "ஏம்மா, நாங்க புள்ளைய ஊட்ல வளத்தறமா, உன்ற அட்டையில வளத்தறமா?"ன்னு. வரிசையில நின்னவங்கெல்லாம் சிரிச்சாங்க. அவ சிரிக்கல.

"ஏனுங்கய்யா, புள்ளைக்கு எடை ஏறவே இல்லீங்க. பால் குடிக்கறப்ப நெத்தி வேர்க்குதுன்னு அக்கா சொல்றாங்க. ஒரு தடவ பெரிய டாக்டர்கிட்டக் காட்டிருங்க"ன்னா.

"நான் கையில தூக்கிப் பாத்தேன், நல்ல கனம்"ன்னேன்.

"கை தப்பாச் சொல்லுமுங்கய்யா"ன்னா.

என்ற கைய! முப்பத்தெட்டு வருசக் கைய! மாவுப் பாக்கெட்டு பிரிச்சுக் குடுக்கறவ சொல்றா!

அதோட உட்டாளா? உள்ள போயி ரெண்டு சாமானம் கொண்டாந்தா. ஒண்ணு சத்துமாவுப் பாக்கெட்டு, தலகாணி மாதிரி. இன்னொண்ணு பழைய எடைக்கல்லு, இரும்பு, கைக்குள்ள அடங்கிரும். "தூக்கிப் பாத்துச் சொல்லுங்க, எது கனம்?"ன்னா. இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது? தூக்கினேன். கல்லுதான் கனம். ஒண்ணரைப் பங்கு கனம். பாக்கெட்டு காத்து.

"ரெண்டும் ஒரு கிலோதாங்கய்யா"ன்னு சொல்லி மெஷின்ல வெச்சா. கல்லுக்கு ஒண்ணுன்னு காட்டுச்சு. பாக்கெட்டுக்கும் ஒண்ணுன்னு காட்டுச்சு.

இப்ப நீயே சொல்லு, இதுல இருந்து என்ன தெரியுது? மெஷினு கெட்டுப் போச்சுன்னு தெரியுது. அங்க நின்னவங்க எல்லாத்தையும் வரிசையாத் தூக்கச் சொன்னேன். ஏழு பேரு. ஏழு பேரும் கல்லுதான் கனம்னாங்க. சௌமியாவும் தூக்கினா, கல்லுன்னா. செரி, நீ தூக்கு அம்மிணின்னு அந்த வளர்மதிகிட்டயே குடுத்தேன். அவளும் தூக்கிப் பாத்துப்போட்டு என்ன சொன்னா தெரியுமா? "எனக்கும் கல்லுதாங்கய்யா கனமாத் தெரியுது. ரெண்டும் ஒண்ணுன்னு தெரிஞ்சும் அப்படித்தான் தெரியும். சின்னதா இருந்தா கைக்குக் கனமாத் தெரியும். அதுக்குத்தானுங்க மெஷினு"ன்னா.

ஒத்துக்கிட்டா பாத்தியா! அவ வாயாலயே ஒத்துக்கிட்டா! ஒம்போது பேரு கை ஒண்ணு சொல்லுது, ஒரு தகரத் தொட்டி ஒண்ணு சொல்லுது. யார நம்பறது? இதுக்குப் பத்தாங்கிளாசு படிச்சிருக்கோணுமா?

ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா, பெரிய ஆஸ்பத்திரிக்கு. அத நான்தான் வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். கிழிச்சுப் போட்டேன்னு மாப்பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். கிழிக்கல. அந்த மாதிரி ஆளு இல்ல நானு. பையில இருந்துது. ஊட்டுக்காரி சட்டையத் தொவைக்கறப்பக் கூழாப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?

ஒரு வாரம் கழிச்சுச் சௌமியா கேட்டா, "அப்பா, அந்தச் சீட்டு எங்கீங்க?"ன்னு. "உனக்கு உன்ற அப்பன் கை மேல நம்பிக்கை இல்லையா கண்ணு?"ன்னேன். புள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. சின்ன வயசுல இருந்து சந்தையில என்னையப் பாத்து வளந்தவ. நான் தூக்கிச் சொன்னா அவளுக்கு அதுக்கு மேல ஒண்ணு கெடையாது. அப்ப.

அப்புறமும் அவ ரெண்டு மூணு தடவ சொன்னா, அதையும் மறைக்கல. பால் குடிக்கறப்ப வேர்த்து ஊத்துதுங்கப்பா, பாதியிலயே களைச்சுப் படுத்துக்குதுங்கப்பான்னா. குடிக்கறதும் ஒரு வேலைதானே, வேர்க்காதான்னேன். ஊட்டுக்காரி, கையெல்லாம் குச்சியா இருக்குதுங்களேன்னா. ஆடே மேய்க்கத் தெரியாதவ எனக்குச் சொல்ல வந்துட்டா. அன்னிக்கும் தூக்கிப் பாத்தேன். கனமாத்தான் இருந்துது. நாளுக்கு நாள் கனம் ஏறிக்கிட்டேதான் இருந்துது. சத்தியமாச் சொல்றேன் அம்மிணி, என்ற கைக்கு அப்படித்தான் இருந்துது.

ஒரு மாசம் ஓடிப் போச்சு. ஒரு நாளு நான் சந்தைக்குப் போயிருக்கறப்ப, புள்ள ஒதடு நீலமாப் போச்சுன்னு தூக்கிட்டு ஓடியிருக்கறாங்க. யாரு வண்டியில? செல்லமுத்து வண்டியில. கூட யாரு போனது? அந்த வளர்மதி. என்ற ஊட்டுப் புள்ளைக்கு அவ என்ன உறவு? எனக்கு ஒரு போன் பண்ணல. நான் வந்து பாக்கறேன், ஊடு பூட்டிக் கெடக்குது.

இருதயத்துல ஓட்டைன்னாங்க. பொறக்கறப்பவே இருந்துதாமா. அதனாலதான் எடை ஏறலயாமா. "ஒரு மாசம் முன்னால வந்திருந்தா இவ்வளவு மோசமாப் போயிருக்காது"ன்னு ஒரு டாக்டரு சொன்னான், மீசை மொளைக்காத பையன். அதச் சொல்றப்ப சௌமியா என்னையத் திரும்பிப் பாத்தா. திட்டல. பாத்தா, அம்புட்டுத்தான். அப்புறம், "அப்பா, நீங்க ஊருக்குப் போங்க. நான் சொல்றப்ப வாங்க. புள்ளையத் தொட வேண்டாம்"ன்னா. ங்க போட்டுத்தான் சொன்னா. எம்புள்ள மரியாத தவற மாட்டா.

ரெண்டே முக்கா மாசம் சொல்லவே இல்ல அம்மிணி. ஆப்பரேசன் ஆச்சுன்னு செல்லமுத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊட்டுக்காரியும் அங்கயே. நான் தனியா ஆக்கித் தின்னுக்கிட்டுக் கெடந்தேன். ஆக்கித் தின்னாம இருந்ததும் உண்டு. சந்தைக்குப் போனா கை ஓடல. தூக்கறேன், எறக்கறேன், எத்தன கிலோன்னு கேக்கறாங்க, வாயில வர மாட்டேங்குது. அது அசதி. வயசாச்சுல்ல.

இது சூலூரா? நிக்கட்டும், நிக்கட்டும். கூட்டம் ஏறட்டும்.

நேத்துக் காலையில போன் வந்துது. சௌமியாதான். "அப்பா, நாளைக்கு வாங்க. புள்ள நல்லாருக்குது. வந்து தூக்கிப் பாருங்க"ன்னா. தூக்கிப் பாருங்கன்னு அவளே சொன்னா! நேத்து ராத்திரி நான் தூங்கினேன்னா நெனைக்கறே? விடியறதுக்குள்ள பஸ் ஏறிட்டேன்.

போனேன். மாப்பிள்ளை ஊடு தூரம்னு ரூம் எடுத்துத் தங்கியிருக்கறாங்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே. குட்டியக் குளிக்க வார்த்து, பவுடர் போட்டு, மஞ்சச் சட்டை போட்டு வெச்சிருந்தாங்க. ஆளு அடையாளமே தெரியல. நீளமாயிட்டா. கன்னம் வந்திருச்சு, தொடையில மடிப்பு உழுந்திருக்குது. என்னையப் பாத்துச் சிரிச்சா. தெரியாத ஆளுன்னு அழுவாளோன்னு பயந்துக்கிட்டே போனேன், சிரிச்சா.

எல்லாரும் நிக்கறாங்க. ஊட்டுக்காரி நிக்கறா, மாப்பிள்ளை போன நீட்டிக்கிட்டு போட்டோ எடுக்க நிக்கறான். சௌமியா கொண்டாந்து என்ற ரெண்டு கையிலயும் குடுத்தா. "தூக்கிப் பாத்துச் சொல்லுங்கப்பா, எப்படி இருக்குது?"ன்னா. அவ கண்ணு என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்குது.

தூக்கினேன். ஒரு கை அக்குள்ள, ஒரு கை தொடையில. அந்தரத்துல நிறுத்தினேன்.

ஒண்ணுமே இல்ல அம்மிணி. கனமே இல்ல. இத்தாம் பெருசு இருக்கறா, தூக்கினா செல்லமுத்து பேரன் மாதிரி, பஞ்சு. என்ற கையில இரும்பா இருந்த குட்டி! என்ன கண்ணு இது, புள்ள இப்படி லேசாப் போச்சு, அறுத்து உள்ள இருந்ததையெல்லாம் எடுத்துப்போட்டாங்களா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்கன்னு கத்திட்டேன். குட்டி அழ ஆரம்பிச்சிருச்சு.

சௌமியா அழல. புள்ளைய வாங்கிக்கிட்டா. அங்கயும் ஒரு மெஷினு வெச்சிருக்கறாங்க, மாப்பிள்ளை வாங்கினது. அதுல படுக்க வெச்சா. அஞ்சு கிலோ எட்டுநூறு. "அன்னிக்கு மூணு தொள்ளாயிரம்ங்கப்பா. இன்னிக்கு அஞ்சு எட்டுநூறு. உங்க கைக்கு அது கனம், இது லேசு"ன்னா. நான் என்ன சொல்லோணும்? மெஷினு எல்லாமே ஒரே மாதிரிப் பொய்தான் சொல்லும், ஒரே கம்பெனியா இருக்கும்னேன்.

அப்புறம் சௌமியாதான், "பஸ்சுக்கு நேரமாச்சுங்கப்பா"ன்னா. அப்ப மணி பதினொண்ணு. பஸ்சு அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு இருக்குது.

வாசல் வரைக்கும் ஊட்டுக்காரி வந்தா. "ஒத்த வார்த்த, கனமா இருக்குது கண்ணுன்னு சொல்லியிருந்தா உங்க தலையில இருந்து கிரீடம் கீழ உழுந்திருமா? அதக் கேக்கத்தான உங்களக் கூப்புட்டா"ன்னா. பொய் சொல்லச் சொல்றா. முப்பத்தெட்டு வருசமாச் சந்தையில ஒரு ஆட்டுக்குக்கூட நான் பொய் சொன்னதில்ல. பேத்திக்குச் சொல்வனா? கூறு கெட்டவளுக. மெஷினு வெச்சிருக்கறவனும் கூறு கெட்டவன், அத நம்பறவளும் கூறு கெட்டவ, கூறு கெட்டதுக சேந்து ஒரு புள்ளைய வளத்துதுக.

லேசாத்தான் இருந்துது. நான் என்ன பண்ணட்டும்? என்ற கைக்கு லேசாத்தான் இருந்துது.

பாரு, உன்ற புள்ள முழிச்சிருச்சு. கொட்டக் கொட்டப் பாக்குது. வாடா கண்ணு, வா, தாத்தாகிட்ட வா. குடு அம்மிணி, ஒரு நிமிசம். எத்தன கிலோன்னு பாத்துச் சொல்றேன்... ஏன் அணைச்சுக்கறே? நான் என்ன, புடுங்கிக்கிட்டா ஓடப் போறேன்? ஓடற பஸ்சுல எங்க ஓடறது?

செரி, எடையெல்லாம் சொல்லல. நீ சொல்ல வேண்டாம்னா நான் வாயே தொறக்கல. இன்னிக்கு எங்குட்டி என்ற கையில அரை நிமிசம்கூட இருக்கல பாத்துக்க. அவளுக்குப் போட்ட பவுடர் வாசம் இன்னும் சட்டையில இருக்குது. ரெண்டே முக்கா மாசமாக் காத்துக்கிட்டு இருந்துது இந்தக் கை, அரை நிமிசத்துல சௌமியா வாங்கிக்கிட்டா.

பல்லடம் வந்திரும் போல. உன்ற புள்ளைக்குக் கடைசியா எடை போட்டப்ப எத்தன காட்டுச்சு? ஏழா? ஏழரையா? மெஷின்லதானே போட்டாங்க? செரி, அது ஏழரைன்னா ஏழரைதான். நான் ஒண்ணும் சொல்லல. மெஷினு என்ன சொல்லுச்சோ அதையே நானும் சொல்றேன் அம்மிணி, கனமா இருக்குதுன்னே சொல்றேன். ஒரே ஒரு நிமிசம் குடு.